மீன் சாப்பிடாதவரின் தட்டு

1

இந்தக் கதை ஒரு மீனிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு எதையாவது எதிர்பார்த்து நீங்கள் ஏமாறக் கூடாது.

போன விடுமுறையில் நானும் என் வீட்டுக்காரரும் காட்டுக்குள் இருக்கும் ஓர் ஏரிக்கரை விடுதிக்குப் போயிருந்தோம். எழுதுவதற்காகப் போகவில்லை. சாப்பாட்டுக்குப் பேர்போன இடம். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கப் போனோம். முதல் நாள் மாலை அடுத்த மேசையில் ஒரு கணவன் மனைவி. அந்த மனிதர் முன்னால் ஒரு முழு மீனைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் அதைச் சாப்பிட்டார்.

நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். ஆனால் அவர் சாப்பிட்ட விதம் என்னைத் தூங்க விடவில்லை. காய்ச்சல்காரர் மாத்திரை விழுங்குவதுபோல வாய்க்கு ஒரு மிடறு தண்ணீர் குடித்துக் குடித்து அதை உள்ளே தள்ளினார். முள் எப்படி ஓடும் என்றே தெரியாமல் வாலிலிருந்து பிய்க்கத் தொடங்கினார். எதிரே அந்த அம்மாள் தன் தட்டைத் தொடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கோபம் இல்லை. பரீட்சை அறையில் நிற்கும் டீச்சரின் பார்வை.

என் வீட்டுக்காரர் மேசைக்கு அடியில் என் காலை இடித்தார்.

"எழுத்தாளரம்மா, உங்க தட்டு இங்க இருக்கு."

2

எழுத உட்கார்ந்ததும் வந்த முதல் தொடக்கம்: "அந்த ஏரி கண்ணாடியைப் போல"

அதோடு நிறுத்திவிட்டேன். எல்லாக் கதைகளிலும் எல்லா ஏரிகளும் கண்ணாடியாகத்தான் இருக்கின்றன. நான் பார்த்த ஏரி கலங்கல். கரையோரம் நாணல், நாணலுக்குள் தவளை, இறங்கினால் கணுக்கால்வரை சேறு. விடுதிக்காரர்கள் ஒட்டிவைத்திருந்த படங்களில்தான் அது நீலமாக இருந்தது. அதைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்ளவும் முடியாது. அந்தச் சேற்றில் வளர்ந்த மீனுக்குத்தான் அத்தனை ருசி.

இரண்டாவது: "இருபது வருட இல்லறத்தில் ஒருவரையொருவர் புரிந்துகொண்டு"

இது கல்யாண நாள் வாழ்த்து அட்டை. கிழித்துவிட்டேன்.

மூன்றாவது: "அந்த மனிதருக்கு மீன் பிடிக்காது."

இது பரவாயில்லை. மிச்சக் கதை முழுக்க இந்த வரியின் தலையில்தான் உட்காரப் போகிறது. ஆனால் இது உண்மையா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவருக்கு வயிறு சரியில்லாமல்கூட இருந்திருக்கலாம். வயிறு சரியில்லை என்றால் கதை இல்லை. ஆகவே அவருக்கு மீன் பிடிக்காது. வாடையே ஆகாது. புதுமாப்பிள்ளையாக மாமனார் வீட்டுக்குப் போனபோது தன் தட்டில் அவர்கள் ஆசையாக வைத்த பெரிய துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். பக்கத்தில் இருந்த புதுப்பெண் யாரும் பார்க்காத நேரத்தில் அதை அவர் தட்டிலிருந்து எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவர்களுக்குள் நடந்த முதல் ரகசியம் அதுதான்.*

* இந்த இடத்தில் எனக்கே அவர்களைப் பிடித்துப்போய்விட்டது. சந்தேகக் கதை எழுத வந்தவளுக்கு இது நல்லதல்ல.

3

அவருக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர் ஆக்கினேன். இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு வேறு ஊர். எங்கே இருந்தார் என்று வீட்டிலிருந்து யாரும் சரிபார்க்க முடியாது. (ஏறுவதும் இறங்குவதும்தான் வாழ்க்கை என்று யாராவது இதற்கு விளக்கம் எழுதினால் நான் பொறுப்பில்லை.) அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் பாடம். ஒரே மகள், வெளியூர்க் கல்லூரியில், ஹாஸ்டலில்.

இவர்கள் ஒரு வருடமாகப் பிரிந்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் தேடியதுதான் பெரும்பாடாகிவிட்டது. மாமியார் கொடுமையை எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. குடி என்றால் என் வாசகிகள் அவரைக் கடைசிவரை மன்னிக்க மாட்டார்கள். இன்னொரு பெண் என்று இப்போதே சொல்லிவிட்டால் சந்தேகப்பட என்ன இருக்கிறது? பிறகு இது கிடைத்தது.

அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவர் வேறு ஊரில் இருந்தார். அங்கே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று ஆட்கள் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களை வெளியே எடுத்துவிட்டு வருவதாகப் போனில் சொன்னார்.

"இங்கயும் ஒருத்தி மாட்டிக்கிட்டுதான் இருக்கா" என்றாள் அவள்.

ஆட்களை எடுத்த பிறகும் அவர் கிளம்பவில்லை. லிஃப்டை ஓட வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறினார். வந்து சேர்ந்தபோது மாமனார் இல்லை.

அவள் கத்தியிருந்தால் ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். 'என்னங்க' என்று கூப்பிடுவதை முதலில் விட்டாள்; பிறகு கூப்பிடுவதையே விட்டாள். அவர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேலை அதிகம் இருக்கும் ஊரில் ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டார். யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை, வரச் சொல்லவும் இல்லை.

இப்போது அவரே போன் செய்தார். காட்டுக்குள் ஏரிக்கரையில் ஒரு விடுதி இருக்கிறதாம். கேள்விப்பட்டாராம். சாப்பாடு பிரமாதமாம். மூன்று நாள் அங்கே இருப்போம். கடைசி நாள் நீ 'வீட்டுக்கு வாங்க' என்றால் பெட்டியோடு வருகிறேன், சொல்லாவிட்டால் மெயின் ரோட்டில் ஆளுக்கொரு பஸ் ஏறிவிடலாம் என்றார். அவள் யோசித்து, சரி என்றாள்.

அவர் வீடு திரும்புவாரா, மாட்டாரா? என் கதைக்கு வேறு கவலை கிடையாது. குடும்பக் கதை எழுதுகிறவள் நான். அவர் திரும்பிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. அந்த ஆசையை நான் நம்பவில்லை. நீங்களும் நம்பாதீர்கள்.

மேலே 'கேள்விப்பட்டாராம்' என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? 'போயிருக்கிறேன்' என்று அவர் சொல்லவில்லை.

4

அந்த விடுதியின் சாப்பாட்டு முறையை இங்கே சொல்லியாக வேண்டும். இதை நான் கற்பனை செய்யவில்லை.

அங்கே மெனு கார்டு கிடையாது. முதல் நாள் மாலை எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு பெரிய தட்டு வரும். வெண்ணெயில் வதக்கிய காளான், தணலில் சுட்ட பூசணி, கொஞ்சம் கசக்கும் ஒரு கீரை, தயிரில் ஊறிய வெள்ளரி, எலுமிச்சை பிழிந்த இறைச்சி, நடுவில் கையகலத்துக்கு ஒரு முழு மீன். முதல் தட்டு என்று அதற்குப் பெயர். சாப்பிட்டு முடித்ததும் அது கழுவப் போகாது. நேராகச் சமையல்காரரிடம் போகும். எது காலி, எது பாதி, எதை ஓரத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம் என்று பார்த்து வைத்துக்கொள்வார். மறுநாளிலிருந்து அவரவர் தட்டுப்படி சமையல். என் வீட்டுக்காரர் கீரையைக் காளானுக்கு அடியில் ஒளித்துவைத்தார்; கண்டுபிடித்துவிட்டார்கள், மறுநாளிலிருந்து கீரை வரவே இல்லை.

"என்ன பிடிக்கும்னு கேட்டா ஆளுங்க பொய் சொல்லுவாங்க. தட்டு சொல்லாது" என்றாள் பரிமாறும் பெண். இந்த சீசனுக்குப் புதிதாக வந்தவளாம். சமையல்காரர் சொல்வதை ஒப்பித்தாள்.

ஏற்கெனவே ஒரு முறை வந்தவர்களுக்கு மறுபடி முதல் தட்டு கிடையாது. பதிவு செய்த பெயரை முன்னறையிலிருந்து சமையலறைக்குச் சொல்லிவிடுவார்கள். சமையல்காரருக்குப் பழைய தட்டு மனப்பாடமாக இருக்கும். அதில் அவருக்குப் பெரிய கர்வம்.

இனி அடுத்த மேசைக்குப் போவோம்.

அவள் முன்னால் முதல் தட்டு வந்தது. அவர் முன்னால் அது வரவில்லை. முழங்கை நீளத்துக்கு மீன் ஒன்று வந்தது. தலை மொறுமொறுப்பாக, தோல் பொன்னிறமாக, மேலே உருகும் வெண்ணெயோடு.

"எனக்கும் அதே தட்டுதானே?" என்று அவர் பரிமாறும் பெண்ணைக் கேட்டார்.

"உங்களுக்கு முதல் தட்டு இல்ல சார். உங்க தட்டுதான் எங்களுக்குத் தெரியுமே" என்று சிரித்துக்கொண்டே அவள் போய்விட்டாள்.

ஆள் மாறிவிட்டது என்று அவர் சொல்லியிருக்கலாம். நான் இந்தக் காட்சியை நாலு தடவை திருத்தி எழுதினேன். நாலு தடவையும் அந்த இடத்தில் அவருக்கு வாயைத் திறக்க வாய்ப்புக் கொடுத்தேன். அவர் மீனைத்தான் திறந்தார். வாலிலிருந்து ஆரம்பித்தார்.

இருபது வருடம் மீன் வாடைக்கு ஜன்னலைத் திறந்துவைத்த மனிதர். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நடுமுள் தெரிகிறவரை பொறுத்து, மீன் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு" என்றார்.

5

இதுவரை எழுதியதை என் வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எதையும் தூரத்தில் பிடித்துத்தான் படிப்பார். படித்துவிட்டு, இது தன்னைப் பற்றியா என்று முதலில் கேட்டார். நீங்கள்தான் மீன் சாப்பிடுவீர்களே என்றேன். நிம்மதியானார். நிம்மதியானது ஏன் என்று நான் கேட்கவில்லை. இந்தக் கதை எழுத ஆரம்பித்ததிலிருந்து இந்த மாதிரிக் கேள்விகள் அதிகமாகிவிட்டன.

பிறகு ஒரு வாதம் வைத்தார். தப்புச் செய்தவன் அதே இடத்துக்குப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வருவானா? உலகத்தில் வேறு ஏரியே இல்லையா?

நியாயமான கேள்விதான். இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். பிறகு, சாப்பாடு நன்றாக இருந்தால் வருவான் என்று தோன்றியது. ஆண்கள் ஓர் ஓட்டலைப் பிடித்துக்கொண்டால் விடுவதில்லை. முதல் தட்டு ஒரு முறைதான் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. போன தடவைதானே அவர் முதல் முறையாக வந்திருப்பார்.

"உனக்கு அந்த ஆள மாட்டி விடணும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

"நீதானம்மா எழுதுற. உனக்கே தெரியாதா?"

தெரியாது. அதுதான் வேடிக்கை. அந்த மனிதரை நான்தான் உண்டாக்கினேன். வேலை கொடுத்தேன், மகளைக் கொடுத்தேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் அவர் என்னிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறார்.

6

இரண்டாம் நாள் காலை. வாசகிகள் கேட்பார்கள்: முன்னறையில் போய், என் கணவர் போன தடவை யாரோடு வந்தார் என்று கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடாதா?

அவள் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்குத் தன் மகள் வயதுதான் இருக்கும். தலையை அழுத்தி வாரி, பொட்டு நேராக வைத்து, எதைக் கேட்டாலும் கொடுக்கத் தயாராக நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், கேட்ட நிமிஷத்திலிருந்து தான் யாராக ஆகிவிடுவோம் என்று இவளுக்குத் தெரிந்தது.

"குளிக்க இன்னொரு துண்டு வேணும்" என்றாள். துண்டை வாங்கிக்கொண்டு திரும்பினாள். அறையில் ஏற்கெனவே நாலு துண்டு இருந்தது.

ஆனால் அவள் ஆசிரியை. நேர்வழி இல்லையென்றால் பரிசோதனை. சமையலறைப் பின்வாசலுக்குப் போய், சாப்பாடு ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்ல வந்ததாகச் சொன்னாள். சமையல்காரர் ஒல்லியான மனிதர், மாவுக் கையோடு வெளியே வந்தார். எந்த மேசை என்றுதான் கேட்டாரே தவிர அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. சாப்பிடுகிறவர்களைத் தான் பார்ப்பதே இல்லை என்றார். முகத்தைப் பார்த்தால் முகத்துக்குச் சமைக்கத் தோன்றுமாம். அதனால் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கமே போவதில்லை.

"உங்க வீட்டுக்காரர் தட்டு மறக்குமா? மீனுல ஒண்ணு மிச்சமில்ல. தலைக்குள்ள இருக்கறதகூட விடல. வெறும் முள்ளு, அதுவும் சுத்தமா, வரிசையா ஓரத்துல. அப்படிச் சாப்பிடத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மிம்மா."

"எதிர்த் தட்டு?" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"அதுலயும் முள்ளுதான். ரெண்டு தட்டும் ஒரே மாதிரி."

அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

சமையல்காரர் எங்கே தவறிவிட்டார் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அவருடைய தட்டு பொய் சொல்லவில்லை. அதில் கை வைத்தது யார் என்று மட்டும் தட்டு சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் தன் மீனை முடித்துவிட்டு, கையை நீட்டி, இவர் தட்டிலிருந்த மீனையும் சாப்பிட்டிருக்கிறார்.

7

வாசகர்களில் சிலர், தட்டிலிருந்து மீன் எடுத்ததெல்லாம் ஒரு குற்றமா என்று நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்து, ஒரு தலைமுடியையோ கம்மலையோ கதைக்குள் போடலாமா என்று பார்த்தேன். போட்டு, எடுத்துவிட்டேன். கம்மல் எந்த வீட்டிலும் கிடக்கும்.

மாமனார் வீட்டில் தொடங்கிய அந்தப் பழக்கம் நிற்கவே இல்லை. மீன் செய்யும் நாட்களில் அவள் அவர் தட்டிலும் ஒரு துண்டு வைப்பாள். அவர் சாப்பிட மாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். தனக்கென்று இரண்டாவது துண்டு எடுத்துக்கொள்ள அவளுக்குக் கூச்சம். அவர் தட்டில் இருந்தால் உரிமையாக எடுக்கலாம். அவர் தட்டை இரண்டு அங்குலம் அவள் பக்கம் தள்ளுவார். பேச்சு நடந்துகொண்டே இருக்கும். அவள் கை போய் எடுத்துக்கொண்டு வரும். எச்சில் என்ற நினைப்பே வராத இடம் அது ஒன்றுதான். பேசாமல் இருந்த அந்த ஒரு மாதத்திலும் ஒரு நாள் மீன் செய்தாள். அவர் தட்டைத் தள்ளினார். அவள் எடுக்கவில்லை. மறு வாரம் அவர் அறை பார்க்கப் போனார்.

அப்படிப்பட்ட தட்டை அவர் வேறு யாருக்கோ தள்ளியிருக்கிறார்.

அன்று மதியமும் அவருக்கு மீன்தான் வந்தது. தன் ரசிகருக்காக இந்த முறை சமையல்காரர் புகையில் வாட்டி அனுப்பியிருந்தார். அவர் அதைப் பார்த்தார். பிறகு, யோசித்துச் செய்தாரா பழக்கத்தில் செய்தாரா தெரியாது, தட்டை இரண்டு அங்குலம் அவள் பக்கம் தள்ளினார். அவள் கை மேசையிலிருந்து எழும்பிவிட்டது. எழும்பிய கையை அவள் தண்ணீர் டம்ளருக்குத் திருப்பினாள்.

8

முடிவுகள். இதற்குமுன் எழுதிப் பார்த்தவை.

(அ) அவள் கேட்கவே இல்லை. ஏரிமேல் அந்தி இறங்குகிறது. இத்தனை வருட அன்புக்கு முன்னால் ஒரு மீன் என்ன பெரிய விஷயம் என்று நினைத்து அவர் தோளில் சாய்கிறாள். அவர் கண்களில்

இதை நானே நம்பவில்லை. சாய்ந்தவள் அவர் சட்டையை மோந்து பார்ப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

(ஆ) அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு அன்றே கிளம்புகிறாள். வாசலில் திரும்பி ஒரு வசனம் பேசுகிறாள். வசனம் நன்றாகத்தான் வந்தது, கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்த விடுதிக்கு ஜீப் காலையில் மட்டும்தான். வசனம் பேசியவள் மறுபடி அதே அறையில், அதே கொசுவலைக்குள் வந்து படுக்க வேண்டும். அந்த அவமானத்தை அவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

(இ) அவர் தனியாகத்தான் வந்தார். அவள் நினைவில் இரண்டு தட்டு வாங்கி வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே இரண்டு மீனையும் சாப்பிட்டார்.

என் வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இதை விட்டுவிடுவோம்.

ஆக, அவள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

9

கடைசி நாள் காலை, ஜீப் வருவதற்கு முன்னால், படகுத்துறைப் பலகையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மகளைப் பற்றி, அவள் பரீட்சையைப் பற்றி, மொட்டைமாடியில் ஒழுகும் தொட்டியைப் பற்றி அவர் பேசினார். வீட்டுக்கு வருகிறவரின் பேச்சு. அவள் குறுக்கே வந்தாள்.

"உங்க தட்டுல இருந்து மீன் எடுத்தது யாரு?"

யாரோடு வந்தீர்கள் என்று கேட்டிருந்தால் அவர் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருப்பார். இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்த்து வரவில்லை. காலைத் தொங்கப்போட்டிருந்தவர் மடக்கிக்கொண்டார்.

"நம்ம பொண்ணுதான்."

அவள் சிரித்துவிட்டாள். சந்தோஷத்தில் இல்லை.

"அவ மீன் சாப்பிட மாட்டா. உங்கள மாதிரிதான். சின்ன வயசுல இருந்து பக்கத்துல வந்தாலே மூக்கப் பிடிச்சுக்குவா."

"இப்ப சாப்பிடுறா. ஹாஸ்டல்ல பழகிட்டா. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"எங்கிட்ட சொல்லாமயா?"

"வீட்டுல வந்து சாப்பிடறதில்ல. அவ்வளவுதான்."

பிறகு அவர் மெல்ல மெல்லச் சொன்னார். இந்த ஒரு வருடத்தில் மகள் தன்னைப் பார்க்க அடிக்கடி வந்தாளாம். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாளாம். அம்மா ஒரு தடவை 'அப்பாவப் பாத்தியா' என்று கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டாளாம். அந்தப் பொய்யிலிருந்து எப்படி வெளியே வருவது என்று அவளுக்குத் தெரியவில்லையாம். லீவில் ஒரு நாள் இங்கே கூட்டிக்கொண்டு வந்தாராம். அம்மாவை இங்கே அழைத்து வந்து பேசுங்கள் என்று சொன்னதே அவள்தானாம். அவளைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல்தான் அந்த மீனைச் சாப்பிட்டாராம்.

எத்தனை 'ஆம்' போட்டிருக்கிறேன் என்று பாருங்கள். அவள் காதால் கேட்டதைத்தான் எழுதுகிறேன். என்னாலும் இதற்குமேல் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மகளைக் காப்பாற்ற ஒரு முழு மீனைத் தின்ற அப்பாவாக அவர் இருக்கலாம். படகுத்துறையில் உட்கார்ந்த நேரத்துக்குள், மறுக்க முடியாத ஒரு சாட்சியைக் கண்டுபிடித்த கெட்டிக்காரராகவும் இருக்கலாம். அவள் மகளைவிட நல்ல பொய் எது?

அவளைக் குத்தியது அது மட்டுமில்லை. அவர் சொல்வது பொய் என்றால் கணவன் கைவிட்டுப் போனான். உண்மை என்றால், தன் பெண் என்ன சாப்பிடுகிறாள் என்பதுகூடத் தெரியாத அம்மாவாகத் தான் ஒரு வருடம் இருந்திருக்கிறோம். இரண்டில் எது உண்மையாக இருந்தால் தேவலை என்று அவளுக்கே தெரியவில்லை. எனக்கும்.

[மூன்றாம் பகுதியில் ஒரு வரி இருந்தது. கிளம்புவதற்கு முன்னால் மகள் போன் செய்து, "போயிட்டு வாம்மா, அந்தப் படகுத்துறைல காலத் தொங்கப்போட்டு உக்காந்தா ரொம்ப நல்லா இருக்கும்" என்கிறாள். எழுதி முடித்ததும் எடுத்துவிட்டேன். அது இருந்தால் தீர்ப்பு வந்துவிடும். அப்புறம் அவளுக்கு என்ன வேலை? எந்த ஏரியிலும் ஒரு படகுத்துறை இருக்கும் என்று நீங்கள் வாதாடவும் கூடும். எப்படியும், அந்த வரி கதையில் இல்லை. நீங்கள் பார்க்கவில்லை.]

10

ஜீப் வந்துவிட்டது.

நடுவரிசையில் இரண்டு இருக்கை. அவள் ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்திருக்கிறாள். வேண்டுமென்று வைத்தாளா, ஏறும்போது கை தானாக வைத்ததா என்று நான் எழுதவில்லை. முன்னிருக்கையில் விடுதிக்குச் சாமான் வாங்கப் போகிற ஒருவர் கூடையோடு இருக்கிறார். பின்னால், பெட்டிகளுக்கு நடுவே, குறுக்காக உட்கார ஒரு பலகை. அவர் கதவருகே நிற்கிறார். பையைப் பார்க்கிறார்.

"பின்னாடி உக்காந்துக்கவா?"

பையின் வாரில் அவளுடைய ஒரு கை இருக்கிறது.

இந்தக் காட்டுக்குள் போனில் சிக்னல் கிடையாது. வனத்துறை செக்போஸ்டைத் தாண்டினால் வந்துவிடும். மகளைக் கூப்பிட்டு, நீ மீன் சாப்பிடுகிறாயா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். நான் அந்த ஜீப்பைச் செக்போஸ்ட் தாண்டி ஓட்டிக்கொண்டு போகலாம். இரண்டு பக்கம் எழுதினால் வேலை முடிந்தது. மகள் ஆமாம் என்றால் அவர் வீட்டுக்கு வருவார். ஆனால் அப்போது அவரை வீட்டுக்குள் விட்டது மகளாக இருப்பாள். அவள் தன் கணவனை ஒரு வருடம் கழித்து, சாட்சி விசாரித்துச் சேர்த்துக்கொண்டவளாக இருப்பாள். அது அவருக்கும் தெரியும், தினமும் சாப்பிட உட்காரும்போது தெரியும். மகள் இல்லை என்றால்...

வேதியியல் டீச்சருக்கு இது எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதனால்தான் அவள் இன்னும் டிரைவரிடம் போகலாம் என்று சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் இதுவரை படித்துவிட்டு, பையை எடுக்கச் சொல்லு, பாவம் மனுஷன் நிற்கிறான் என்றார். அவர் ஏன் இத்தனை அவசரப்படுகிறார் என்று நான் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஆகவே இந்த விஷயத்தில் அவர் யோசனையை நான் கேட்கப் போவதில்லை. என் யோசனையும் வேண்டாம். எனக்கு அவர் வீடு திரும்ப வேண்டும் என்ற ஆசை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன், அந்த ஆசையோடு நான் பையைத் தொடக் கூடாது.

மிச்சம் இருப்பது நீங்கள்தான். அவர்களை இந்தப் பக்கங்களில் மட்டும் பார்த்தவர்கள். நான் பார்த்ததைவிடக் குறைவில்லை.

டிரைவர் இரண்டாவது தடவை ஹாரன் அடித்துவிட்டார். பை கனமில்லை, மூன்று நாள் துணிதான். எடுப்பதாக இருந்தால், செக்போஸ்டுக்கு முன்னால் எடுங்கள்.